முன்வரிசைக் கொக்குகள்

ஒரு கிளைப் பழத்தைக் கடித்துவிட்டு மரத்தையே எடைபோடக் கூடாது, மேலே, நடுவே, அடியே என்று கலந்து கடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது அணில். அதே வழியில் தேனீ பூக்களை ஆராய்ந்தது, கொக்கு குளத்து மீன்களை ஆராய்ந்தது. இரண்டுக்கும் காட்டுச் சபையில் மழைபடாத கிளை பரிசாகக் கிடைத்தது.

"என் கிளை எங்கே?" என்று சீறியது அணில்.

"நீ பூவைப் பார்த்தாயா, மீனைப் பார்த்தாயா? சும்மா வழிதானே சொன்னாய்!" என்றது கொக்கு.

"சும்மாவா? அப்படியானால் என் வழியைத் திருப்பிக் கொடு. இனி ஒரே மூலையில் நின்று குளத்தை அளந்து காட்டு, பார்க்கலாம்!"

யானைத் தலைவர், அணிலுக்கும் கிளை கொடுக்கலாமா என்று சபையின் முன்வரிசையைக் கேட்டார். அங்கே இருந்ததெல்லாம் கொக்குகள். "அணிலுக்கு வேண்டாம்" என்றன.

"காடே வேண்டாம் என்கிறது" என்று எழுந்தார் யானை.

அணில் கத்தியது: "கிளை நாசமாய்ப் போகட்டும்! பின்வரிசையையும் கேளுங்கய்யா!"