திறந்தே கிடந்த குறி

ஒரு கம்ப்யூட்டர் நிரலுக்குள், பச்சைக் குழந்தைகளுக்கு மருந்து அளக்கும் வரிக்கு மேலே, ஒரு விளக்கக் குறிப்பு குடியிருந்தது. எடை மூன்று கிலோவுக்குக் குறைந்தால் அரை அளவுதான் என்பது அதன் சேதி. 'குறைந்தால்' என்பதற்குப் பதில் '<' என்ற ஒரு கூர்க்குறி நின்றது.

நிரலில் பிழைகளைத் தேடிக் கூட்டித் தள்ளும் துடைப்பம் வந்தது.

"ஏய், கூர்க்குறியைத் திறந்தால் '>' போட்டு மூட வேண்டாமா?"

"இது திறக்கிற குறி இல்லைம்மா. 'குறைவு' என்கிற அடையாளம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூடு, இல்லையென்றால் எடு."

"ஐயோ, எத்தனை தடவை சொல்வது! ஒருமுறை படித்துத்தான் பாரேன்!"

"படிப்பது என் வேலையா? இன்னும் நானூறு பிழை கிடக்கிறது."

ஒரே வீச்சில் கூர்க்குறி போயிற்று. "இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறாய்" என்றது துடைப்பம்.

மறுநாள் நிரல் எழுதுகிறவள் வந்து குறிப்பைப் படித்தாள். "எடை மூன்று கிலோ, அரை அளவு. ஓ, சரியாக மூன்று கிலோவுக்கு மட்டும்தானா?" கீழே இருந்த வரியையும் அப்படியே மாற்றினாள்.

"அடிப் பாவி, இரண்டு கிலோக் குழந்தைக்கு முழு அளவு போய்விடுமே!" என்று குறிப்பு கத்தியது.

பிழையுள்ள குறிப்புகளை மட்டும் திரும்பிப் பார்ப்பது அங்கே வழக்கம். இந்தக் குறிப்பில்தான் இப்போது பிழையே இல்லையே.