சிம்மாசனத்தின் எதிரே ஒரு மண் யானை

அரண்மனையை அருங்காட்சியகமாக்கித் திறக்கும் நாள். தர்பார் மண்டபத்தில் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே படபடப்பு. வயலில் தோண்டியெடுத்த கையகல மண் யானையை நேற்றுத்தான் சிம்மாசனத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"ஐயா, நிறைய ஜனம் வருமா? மண்ணுக்குள்ளே தனியாகவே கிடந்துவிட்டேன்," என்றது யானை.

"வரும். என்னைப் பார்க்க வரும். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு என் சபையில் நிற்காதே. அந்தத் தூண் மறைவுக்குப் போ," என்றது சிம்மாசனம்.

யானையால் நகர முடியவில்லை. பயந்துகொண்டே நின்றது.

கதவு திறந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே ஓடிவந்தார்கள்.

"டேய், இங்க வாங்கடா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்மள மாதிரி ஒரு பிள்ளை இத வச்சு விளையாடியிருக்கு," என்று பெட்டியில் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு ஒரு சிறுமி கூவினாள். அவ்வளவுதான், மண்டபமே யானையைச் சுற்றிக் கூடிவிட்டது. கண்ணாடிப் பெட்டிமேல் எத்தனை மூக்குகள், எத்தனை விரல்கள்! யானைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சிம்மாசனம் அந்தக் கூட்டத்தையே பார்த்தது. பிறகு பக்கத்திலிருந்த குத்துவிளக்கிடம் பெருமையாகச் சொன்னது:

"பார்த்தாயா, நம் வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு கூட்டம். அதை இங்கே வரவழைத்ததே நான்தான்."