மேற்குக் கரையா, கிழக்குக் கரையா?

“ஏரிக்குப் போறதுன்னா கிழக்குக் கரைக்குத்தான். இல்லேன்னா நான் வரலை. நீங்களும் பொண்ணும் போயிட்டு வாங்க” என்றாள் டீச்சர், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே.

அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். துண்டுகளைப் பையில் திணிப்பதும் திரும்ப எடுப்பதுமாக நிலைகொள்ளாமல் இருந்தான்.

“போன வாரம்தானே ஸ்கூல் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், நாள் பூரா கிழக்குக் கரையில உட்கார்ந்துட்டு வந்தே. பார்த்த இடத்தையே எத்தனை தடவை பார்ப்பே?”

“பார்த்ததாலதான் சொல்றேன். நல்ல மணல், இடுப்பளவு தண்ணி, துணி மாத்த ரூம் இருக்கு. உங்க மேற்குக் கரையில என்ன இருக்கு? கல்லும் பாசியும்.”

“கூட்டம் இருக்காது. நிம்மதியா நீந்தலாம்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கஸ்டமர் ஒருத்தர் சொன்னார்” என்றான் வாய் கூசாமல்.

கஸ்டமராவது ஒன்றாவது. போன வாரம், அவள் பிள்ளைகளோடு கிழக்குக் கரையில் இருந்த அதே நாளில், ஐயா வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சிநேகிதர்களோடு மேற்குக் கரையில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷமெல்லாம் கரையேறிச் சட்டை மாட்டுகிற வரைக்கும்தான். பார்த்தால், மோதிர விரல் மொட்டையாக இருந்தது.

வேறு மோதிரம் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பான். இது அவளுடைய அப்பாவின் மோதிரம். படுத்த படுக்கையாகக் கிடந்த மனிதர், “பத்திரமா வச்சுக்கோங்க மாப்பிள்ளை” என்று தன் விரலிலிருந்து கழற்றி இவன் விரலில் போட்டுவிட்டுப் போன மோதிரம். அப்பா என்றால் அவளுக்கு உயிர். தொலைந்தது தெரிந்தால் சண்டை போடமாட்டாள், அழுவாள். அதைத்தான் இவனால் தாங்க முடியாது.

அன்றிலிருந்து விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு திரிகிறான். கேட்டால் ஸ்க்ரூடிரைவர் குத்திவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தான். நல்லவேளை, அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனாலும் தூக்கம் போயிற்று. ஒரு வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கப் போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

“சரி, பொண்ணே சொல்லட்டும்” என்றான் இப்போது.

மகளுக்கு ஏற்கெனவே மாடிப்படியில் வைத்து ஐஸ்கிரீம் பேரம் முடிந்திருந்தது. “மேற்குக் கரை” என்று அது கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தது. டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. வரமாட்டேன் என்றவள், என்ன நினைத்தாளோ, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேற்குக் கரை அவள் சொன்னது போலவேதான் இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் கல் குத்தியது. அவன் எதையும் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கினான், முங்கினான், கற்களுக்கு நடுவே துழாவினான். மூச்சு முட்டும்போது மேலே வந்தான், மறுபடி முங்கினான். பாட்டில் மூடியும் சோடா டின்னும்தான் கையில் வந்தன.

டீச்சர் பாறைமேல் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தாள். கண்ணெல்லாம் அக்கரையில்.

“என்னங்க, இப்பவே கிளம்பினா, இருட்டறதுக்குள்ள கிழக்குக் கரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாம்.”

அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. “அங்க அப்படி என்னத்தைக் கொட்டி வச்சிருக்கு? எப்பப் பார்த்தாலும் கிழக்குக் கரை, கிழக்குக் கரைன்னு.”

அவள் மகளின் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தது. உதடு நீலம் பாரித்து, விரல்நுனிகள் ஊறிச் சுருங்கி, அவன் நடுங்கிக்கொண்டே கரையேறினான். பிளாஸ்திரி எப்போதோ தண்ணீரோடு போயிருந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை, ஒளிக்கத் தெம்பும் இல்லை.

“டீச்சர், உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்” என்று அவள் காலடியில் உட்கார்ந்தான். “கஸ்டமரும் சொல்லலை, ஒருத்தரும் சொல்லலை. போன வாரம் வேலைக்கு மட்டம் போட்டுட்டு இங்கதான் குளிச்சேன். உங்கப்பா மோதிரம் இந்தத் தண்ணிக்குள்ளதான் விழுந்திருக்கு. அதைத் தேடத்தான் உங்களை இழுத்துட்டு வந்தேன். கிடைக்கலை. திட்டு, நாலு அடிகூட அடி. அழ மட்டும் அழாதே.”

டீச்சர் துண்டை எடுத்து அவன் தோளில் போர்த்தினாள். பிறகு, அவன் பயந்தது போலவே, பொலபொலவென்று கண்ணீர் வழிந்தது.

“இங்க தேடினா எப்படிங்க கிடைக்கும்? நீங்க மட்டம் போட்டதுக்கு முதல் நாள் ராத்திரி கிரீஸ் கையைக் கழுவும்போது வாஷ்பேசின் மேல கழட்டி வச்சீங்க, காலையில போட்டுக்க மறந்து ஓடிட்டீங்க. அப்பா ஞாபகமா இருக்கே, ஒரு நாள் நாம போட்டுக்குவோமேன்னு கட்டை விரல்ல மாட்டிக்கிட்டுப் பிள்ளைங்களோட கிளம்பினேன்... கிழக்குக் கரையில ஒரு பிள்ளைக்கு முகம் கழுவி விடும்போது நழுவித் தண்ணிக்குள்ள போயிடுச்சுங்க.”