கேட்டுக்கு வெளியே

மில் வேலைநிறுத்தம் தோற்றுவிட்டது. எல்லோரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள மேனேஜர் ஒப்புக்கொண்டார், தலைமை தாங்கிய மரியபுஷ்பத்தைத் தவிர. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒருத்தியும் உள்ளே போகமாட்டாள். வீடுகளில் அடுப்பு எரிந்து பல நாளாகிவிட்டது. “போராட்டம் முடிஞ்சிட்டு, வேலைக்குப் போங்க” என்றாள் காலையில். முதல் நாளிலிருந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த இசக்கி, “எங்கள வித்துட்டியேக்கா” என்றாள். “ஷிப்டுக்கு நேரமாச்சு, போ” என்றாள் புஷ்பம். பெண்கள் முகம்கொடுக்காமல் அவளைக் கடந்து போனார்கள். கேட் மூடியது. உள்ளேயிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இசக்கி கேட்டாள்: “நீ வரலையாக்கா?” புஷ்பம் காதில் விழாதவள்போல் போராட்டப் பந்தலின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். மழையில் நனைந்து இறுகிய முடிச்சு, விரலுக்கு வசப்படவில்லை.