கம்பி வேலி

‘எனக்கென்று இருக்கும் ஒரே நிலத்துக்கு வேலி போட அண்ணனுக்கு என்ன திடீர் அக்கறை?’ என்று நினைத்தாள் பாவாயி.

அண்ணன் அப்புசாமி ஓர் இங்கிலீஷ் பத்திரத்தை நீட்டினார். “இதா பாரு அம்மிணி, அயர்ன். அப்படின்னா இரும்பு. கம்பி வேலி போடறதுக்கு எழுதுனது. கைநாட்டு வெச்சுடு.”

“அதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குதுங்கண்ணா?”

“உனக்கெதுக்கு அதெல்லாம்? படிச்சுக் கலெக்டராகப் போறயா?”

பால் ஊற்றப் போகும் மிஷன் பங்களாவில், துரைசானியிடம் இரண்டு வருஷமாக இங்கிலீஷ் படிப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“அது ‘ஓர்’ங்கண்ணா. வேலின்னா ‘ஃபென்ஸ்’னு இருக்கோணும். ‘அயர்ன் ஓர்’னா மண்ணுக்குள்ள கெடக்கற இரும்புக்கல்லு. என் நெலத்தைத் தோண்டறதுக்குத்தானே எழுதியிருக்குது?”

அப்புசாமி மைப்பெட்டியை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

“பாதிப் பங்கு தாரேன், அம்மிணி.”

“வேண்டாங்கண்ணா” என்று பாவாயி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.