புஸ்வாணக் கூடுகள்

"வீட்டுல வச்சுப் பட்டாசு செய்யிறதாப் புகார் வந்திருக்கும்மா" என்றபடி அதிகாரி கொல்லைக்குள் நுழைந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டுத் தங்கச்சாமியும் வந்து நின்றார்.

அங்கே குட்டை மரமொன்றின் கிளையெல்லாம் வண்ணத்தாள் சுற்றிய புஸ்வாணக் கூடுகள் தொங்கின.

"நான் வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில கழிச்சுப் போட்ட கூடு சார். கேட்டுத்தான் எடுத்தாந்தேன்" என்றாள் வினோலியா.

"கூடு சரி. உள்ள என்ன?"

"நாலு வருசப் பாடு சார். இப்பப் பிரிச்சா முக்காவாசி பாழாப்போயிரும். ரெண்டு நாள் பொறுங்க."

"ரெண்டு நாள்ல வித்துருவா சார்! இப்பவே ஜீப்புல ஏத்துங்க" என்று முந்திக்கொண்டார் தங்கச்சாமி.

வினோலியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினெட்டு வருசமா மருந்து அடைக்கிற கை அண்ணாச்சி இது. அந்தச் சனியனை என் வாசப்படி ஏத்துவேனா?"

விறுவிறுவென்று போய் அடிக்கிளையில் இருந்த கூட்டைப் பிடுங்கினாள். அதிகாரி இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தார்.

உள்ளே கருஞ்சிவப்பாகப் பழுத்து, தேன் கசியும் சீமை அத்திப்பழம்.

"அணிலுக்குப் பயந்து மூடினேன். மனுசனுக்கும் சேர்த்து மூடியிருக்கணும்."

பழத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை அதிகாரியிடம் கொடுத்தாள். அவர் மென்றுகொண்டே அடுத்த கூட்டைப் பார்த்தார்.

மறுபாதியைத் தங்கச்சாமியிடம் நீட்டினாள்.

"வாயில போடுங்க அண்ணாச்சி. வெடிச்சா, நானே ஜீப்புல ஏறிக்கிடுறேன்."