சனிக்கிழமை ஊறுகாய்

பாயம்மா வீட்டிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார் பூவராகவன். நெற்றியில் நாமம் பளிச்சென்று இருந்தது. வாயில் பூண்டு வாசனை.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. இன்னும் உச்சிவேளைகூட ஆகவில்லை.

அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து எதிரே வந்த வசுமதி டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். மனுஷர் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மாட்டினாரா! வசுமதிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இருக்காதா பின்னே? பூவராகவன் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள். போன சனிக்கிழமை உப்புமாவுக்கு வெங்காயம் வதக்கினாள். உடனே கீழேயிருந்து குரல் வந்தது.

"இன்னா டீச்சரம்மா, வெங்காய வாசனை கீழ வரைக்கும் வந்துகினு கீது? பெருமாள் மாசம்மா, விரதம் இருக்கிற வூடு இது."

அந்த உப்புமாவை ஜன்னலைச் சாத்திக்கொண்டு திருடி மாதிரி தின்றாள் பாவம்.

இன்றைக்கு அதே பெரிய மனுஷர் பூண்டு போட்ட ஊறுகாயை நக்கிவிட்டு வருகிறார். போதாததற்கு அந்த வருஷம் புரட்டாசியும் ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தன. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நோன்பிருக்கிற பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்து தின்ன எப்படித்தான் மனசு வந்ததோ!

பாயம்மா என்றால் பதருன்னிசா. புருஷன் போன பிறகு பேரீச்சம்பழ ஊறுகாய் போட்டு விற்றுத்தான் பிள்ளைகளை வளர்க்கிறாள். செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்த புதிதில் வசுமதி அதை ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தவள்தான், சொக்கிப்போனாள். கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் அத்தனை பேரையும் வாங்க வைத்தாள். மாமல்லபுரத்தில் சாப்பாட்டு மெஸ் நடத்துகிற ஏசுபாதத்திடமும் விடாமல் சொல்லி வைத்தாள். அவருக்குப் பிடித்துப்போனால் ஜாடி ஜாடியாகப் போகும். பாயம்மா வீட்டில் அடுப்பு அணையாது.

ஆனால் போன வாரம் அவருக்குக் கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஒரே உப்பு. டீச்சர் முகத்துக்காக இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார் அவர். இன்று சாயங்காலம் நேரிலேயே வரப்போகிறார். இதுவும் கோணிப்போனால் அவ்வளவுதான், அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

இப்படியொரு நாளில் ஓசி ஊறுகாய் கேட்கிறதாக்கும் இவருக்கு! இருக்கட்டும், இவர் வண்டவாளத்தை இவர் பெண்சாதியிடமே சொல்கிறேன் என்று நேராகக் கீழ்வீட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள்.

பூவராகவன் மனைவி சொர்ணம் ஈரப்புடவையோடு பெருமாளுக்குத் தளிகை செய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, சொன்னா வருத்தப்படுவீங்க. உங்க வீட்டுக்காரர் பாயம்மா வீட்டுல பூண்டு ஊறுகாய் சாப்பிட்டுட்டு வரார். என் கண்ணால பார்த்தேன்."

சொர்ணம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாப்ட்டாரா? அப்பாடா. உப்பு சரியா கீதாமா?"

வசுமதிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சொர்ணம்தான் விளக்கினாள். நோன்பு நேரத்தில் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கக்கூடப் பாயம்மாவுக்கு மனசு ஒப்பாதாம். பிள்ளைகளும் நோன்பு. எப்போதும் ருசி பார்த்துச் சொல்கிற பக்கத்து வீட்டு மாரியம்மா, மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டாள். அதனால்தான் போன வாரம் உப்பு கரித்தது. இன்றைக்கு வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றால் தெருவே சனிக்கிழமை விரதம்.

"நான் போலாம்னா, தளிகை பண்றவ வாயில ஒண்ணும் வெக்கக்கூடாது. கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு சனிக்கிழமை விட்டதில்ல இந்த மனுஷன். நான்தான் போய்ட்டு வான்னு அனுப்புனேன். நானும் ருசி பாக்காமத்தான் சமைக்கிறேன் டீச்சர். உப்பு கூடிப்போச்சின்னா பெருமாள் ஒண்ணும் சொல்லமாட்டாரு. மெஸ்ஸுக்காரர் சொல்லுவாரு இல்ல?"

வசுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊறுகாயை ஊரெல்லாம் புகழ்ந்தவள் அவள்தான். நோன்பு மாசத்தில் ஆளைக் கூட்டிவருகிறவளும் அவள்தான். வாயில் வைக்காமல் அந்தப் பெண்பிள்ளை எப்படி உப்புப் போடும் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? தெருவிலேயே விரதம் இல்லாத நாக்கு ஒன்று மாடியில் உட்கார்ந்து வெங்காய உப்புமா தின்றுகொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் ஏசுபாதம் பாயம்மா வீட்டுக்கு வந்தார். தொட்டு நக்கினார், கண்ணை மூடினார், இன்னொரு தடவை நக்கினார். வாராவாரம் ஒரு ஜாடி பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

பதருன்னிசா வசுமதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "அல்லா உன்னை நல்லா வெப்பான் டீச்சர்" என்றாள்.

"எனக்கு இல்ல பாயம்மா, அவருக்குச் சொல்லுங்க" என்று வாசல் பக்கம் கை காட்டினாள் வசுமதி.

வாசலில் நின்ற பூவராகவன் கூச்சத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "விரதம் அடுத்த வாரம் இருந்துக்கலாம். பெருமாள் எங்க பூடப்போறாரு?" என்றார்.

சொன்னபடியே அடுத்த சனிக்கிழமை சுத்தமாக விரதம் இருந்தார்.

அன்றைக்குப் பாயம்மா வீட்டிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தது வசுமதி. பூண்டு வாசனையோடு அவள் மாடிப்படி ஏறும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு உப்பு எப்படி கீது?"